கீழ் நுனி

கெமியார்வியில் ஜனவரி வெயில்
அவசர விருந்தாளி.
பதினொன்றரைக்கு வரும். உட்காராது.
பைன் மரங்களின் தலையைத் தொட்டுவிட்டு
ஒரு மணிக்குள் கிளம்பிவிடும்.

அதற்குள் பதினான்கு பிள்ளைகளை
முற்றத்தில் இறக்க வேண்டும்.
இருபத்தெட்டுக் காலணி, இருபத்தெட்டுக் கையுறை
(உலர்த்தும் அலமாரியில் எப்போதும் ஒன்று குறையும்),
பதினான்கு மூக்கு.

ஹெல்கா பதின்மூன்று பேரோடு போய்விட்டாள்.
நடையில் நானும் தர்மோவும்.
நாலு வயது ஆகி ஒரு மாதம்.
ஏழாம் மாதத்தில் அவசரமாக வந்த பிள்ளை,
அதன் பிறகு எதற்கும் அவசரப்பட்டதில்லை.

கை நீட்டினேன்.
"நானே" என்றான்.
அந்த ஏகாரத்தை அவன் இழுத்த நீளத்தில்
ஒரு சறுக்குவண்டி விடலாம்.

பனியுடுப்பின் ஜிப்.
முள்ளைக் குழிக்குள் வைக்கிறான்.
நழுவுகிறது.
வைக்கிறான்.
நாக்கின் நுனி வெளியே வந்து
ஒத்தாசைக்கு நிற்கிறது.
நழுவுகிறது.

என் கைகளை நான் அறிவேன்.
இருபத்தாறு வருடம் பிறர் பொத்தானில் பிழைத்தவை.
தொடைக்கு அடியில் திணித்து
அவற்றின் மேலேயே உட்கார்ந்தேன்.

எனக்கு இது இரண்டு நொடி வேலை.
அந்த இரண்டு நொடியை
எத்தனை பேரிடமிருந்து எடுத்திருப்பேன்.

என் மகன் ஆதோஸுக்குக்
கடைசிப் பொத்தான் வரை நான்தான்.
பேருந்துக்கு நேரமாகிறது, பள்ளிக்கு நேரமாகிறது.
இப்போது இருபத்துமூன்று.
போன வாரம் ஓவுலுவிலிருந்து அழைத்தான்:
அம்மா, முட்டை எத்தனை நிமிடம் வேகணும்?
சொன்னேன்.
மறுபடி அழைத்தான்:
தண்ணீர் கொதித்த பிறகா, அதற்கு முன்னாலா?

வெளிச்சம் சுவரில் மாட்டிய கோட்டுகளை
ஒவ்வொன்றாகக் கடந்துகொண்டிருந்தது.
மேசையில் அவன் படிவம்.
'விரல் இயக்கம்' என்ற கட்டத்தில்
செப்டம்பரில் என் கையெழுத்து: உதவி தேவை.
எவ்வளவு என்று எழுத
அதில் இடம் விடவில்லை யாரும்.

ஆறாவது தடவை நழுவியபோது
என்னைப் பார்த்தான்.
கேட்கவில்லை. அழவுமில்லை.
ஜிப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
நடுவில் இருந்த காற்றைப் பார்த்தான்.

ஒரு கையை மட்டும் விடுவித்தேன்.
அதிலும் இரண்டு விரல்.
உடுப்பின் கீழ் நுனியைப் பிடித்து
விறைப்பாக வைத்துக்கொண்டேன்.
மேலே இருந்ததெல்லாம் அவனுடையது.

முள் குழியில் உட்கார்ந்த சத்தம்
தட்டில் ஒற்றைப் பட்டாணி விழுந்த அளவு.
பிறகு தொப்புள், மார்பு,
கம்பளிச் சால்வையில் ஒரு சிக்கல், ஒரு முறைப்பு,
மோவாய்.

நாங்கள் வெளியே போனபோது
வெயில் போய்விட்டிருந்தது.
பனியில் கொஞ்சம் இளஞ்சிவப்பு,
துடைக்க மறந்த மாதிரி.
"சூரியன் போச்சு, தர்மோ" என்றேன்,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அவனுக்குச் சூரியன் யார்?
ஹெல்காவிடம் ஓடினான்.
"பார்" என்றான்.
கையுறைகளை உதறினான்.
மைனஸ் பதினொன்றில்
ஜிப்பை அடிவரை இறக்கிவிட்டு
முதலிலிருந்து ஆரம்பித்தான்.

நாலேகாலுக்கு அவன் அப்பா.
பனி வழிக்கும் வண்டி ஓட்டுகிறவர்.
எஞ்சினை அணைக்காமல் உள்ளே வந்தார்,
குனிந்தார், இரண்டு கையும் ஜிப்புக்குப் போயின.

தர்மோ ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

அவர் என்னைப் பார்த்தார்.
"கீழ் நுனியை மட்டும்" என்றேன்.
"அதுவும் அவன் பார்த்தால்."

கொஞ்ச நேரம் நின்றார்.
வெளியே போய் எஞ்சினை அணைத்துவிட்டு வந்து
பிள்ளைகளின் குட்டி பெஞ்சில்
முழங்கால் காதைத் தொட
உட்கார்ந்தார்.